கேட்டுக் கட்டும் ஊர்

காற்று மாதம், முதல் வாரம்

அன்பான அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன். உப்பு வண்டியில் குலுங்கிக் குலுங்கி இடுப்புதான் கழன்றுபோயிற்று, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ, அத்தான், சிட்டு மூன்று பேரும் சுகமா?

வேலை கஷ்டமில்லை. இடிந்துபோன நகரத்துக்குள் போய், மிச்சமிருக்கிற நல்ல கல்லையும் செம்புக் குழாயையும் பெயர்த்து வண்டியில் ஏற்ற வேண்டும். பொழுது சாய்வதற்குள் மதிலுக்கு வெளியே கூடாரத்துக்கு வந்துவிட வேண்டும். உள்ளே கூரை என்று ஒன்றுகூட இல்லை. சுவர்கள் இடுப்பளவுக்கு நிற்கின்றன. ஆனால் தெருவெல்லாம் யாரோ பெருக்கிவிட்டுப் போன மாதிரி சுத்தம். ஒரு காக்கை குருவி கிடையாது. முதல் நாள் நான் ஒரு தும்மல் போட்டேன், தெரு முழுக்க நின்று கவனித்த மாதிரி இருந்தது. சிரிக்காதே, அடுத்த தும்மலை மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டேன்.

எங்கள் மேஸ்திரி ஒரு அம்மாள். பார்வையாலேயே கல்லை உடைப்பாள். வந்ததுமே கூப்பிட்டுச் சொன்னாள்: "உள்ள வீட்டுப் பேச்சு பேசக் கூடாது. கடுதாசி வந்தா மதிலுக்கு வெளிய வச்சு மனசுக்குள்ள படி. ஒரு வரிக்கு மேல எழுத வேணாம்னு வீட்ல சொல்லிடு." ஏன் என்று கேட்டேன். "கேக்காத, செய்" என்றாள்.

இங்கே பழைய ஆட்களுக்கு வரும் கடிதங்களைப் பார்க்க வேண்டுமே! எல்லாவற்றிலும் ஒரே வரி. "இங்கே சுகம். அங்கே சுகமா?" அவ்வளவுதான். இதற்கு ஒரு தாள், ஒரு உறை, ஒரு வண்டி! என்ன கஞ்சத்தனமோ இவர்கள் பெண்டாட்டிகளுக்கு. நீ அப்படி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். பக்கம் பக்கமாக எழுது அக்கா. ராத்திரியானால் வீட்டு நினைப்பு வந்து தூக்கம் பிடிப்பதில்லை.

சிட்டுவுக்கு ஒரு முத்தம்.

உன் தம்பி வாலு

*

காற்று மாதம், மூன்றாம் வாரம்

வாலுப் பயலுக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, வெயிலில் தலையில் துணி கட்டுகிறாயா, அதைச் சொல் முதலில்.

ஒரு வரி எழுதவா? என்னையா? உன் மேஸ்திரிக்கு என்னைப் பற்றித் தெரியாது. தையல் கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டுப் போக முடியாமல் என் பேச்சில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று உன் அத்தான் தினமும் புலம்புகிறார்.

நீ போன நாளிலிருந்து மாடிப்படியின் நடுப்படி இன்னும் மோசமாகக் கத்துகிறது. மிதித்தால் பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். பின் கதவு இன்னும் உதைத்தால்தான் திறக்கிறது, அதுவும் கீழ்ப்பக்கம் இடது மூலையில். மாடியில் என் தையல் ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கிறது, நீலக் கண்ணாடியோடு. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தால் இன்னும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோக்கிறேன். "உன் கண்ணு உன் முகத்தில இல்லடி, அந்த ஜன்னல்லதான் இருக்கு" என்கிறார் அத்தான்.

உன் பாயைச் சுருட்டிப் பரண் பக்கம் வைத்திருக்கிறேன். விருந்தாளி வந்தால்கூட அதில் படுக்க விடுவதில்லை. சிட்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் பல்லிடுக்கில் விசில் வருகிறது. தெருக்கோடிவரை கேட்கிறது.

போதுமா? கை வலிக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மழை மாதம், முதல் வாரம்

அன்பான அக்காவுக்கு,

சுகம். தலையில் துணி கட்டுகிறேன், போதுமா? அங்கே மழை ஆரம்பித்ததா? யாருக்கும் சளி காய்ச்சல் இல்லையே?

உன் கடிதம் இங்கே பெரிய விருந்து. என்னோடு கல் தூக்குகிற ஒருவன் இருக்கிறான். இருக்கிற உயரத்துக்கு அவனை ஒட்டகச்சிவிங்கி என்றுதான் கூப்பிடுகிறோம். அவனுக்கு எழுத்தும் தெரியாது, எழுதுவதற்கு வீட்டில் ஆளும் இல்லை. "படிடா, நானும் கேக்கறேன். கேட்டாலே வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கும்" என்றான். அவ்வளவு தூரம் கூடாரத்துக்கு யார் நடப்பது? மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே ஒரு சுவரோரம் உட்கார்ந்து, உன் குரலிலேயே சத்தமாகப் படித்துக் காட்டினேன். நடுப்படி சத்தம் போட்டுக் காட்டியபோது அவனுக்குப் புரையேறிவிட்டது. மேஸ்திரி அம்மாளுக்குத் தெரியாது. சொல்லிவிடாதே.

ஒரு வேடிக்கை கேள். மறுநாள் அதே தெருவில் ஒரு மரப்படிக்கட்டைப் பார்த்தேன். எங்கும் போகாத படிக்கட்டு, மேலே வெறும் வானம். முன்னால் எப்படிக் கண்ணில் படாமல் போனதோ தெரியவில்லை. ஏறிப் பார்த்தேன். நடுப்படி கத்தியது அக்கா! நம் வீட்டுப் பூனையேதான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த ஊர்ல மரமே கிடையாதேடா" என்றான். அவன் எப்போதும் இப்படித்தான், எதையாவது சொல்லி ஆளைக் கலவரப்படுத்துவான்.

சமையலறை இப்போது எப்படி இருக்கிறது? சிட்டு என்ன செய்கிறாள்? அவளையும் இரண்டு வரி எழுதச் சொல்.

வாலு

*

மழை மாதம், மூன்றாம் வாரம்

தம்பிக்கு அக்கா எழுதுவது.

சுகம்தான். அத்தானுக்கு மட்டும் கணுக்கால் சுளுக்கு. பயப்படாதே, கட்டுப் போட்டாயிற்று. ரொட்டிக் கடைக்கு நொண்டிக்கொண்டே போய் வருகிறார்.

நடந்தது இதுதான். அந்த நடுப்படி உடைந்துவிட்டது. மிதித்ததும் கால் அப்படியே உள்ளே போயிற்று. பழுது பார்க்க வந்த தச்சர் மரத்தைத் தொட்டார், மாவாக உதிர்ந்தது. "இது உங்க தாத்தாவோட தாத்தா காலத்து மரமா?" என்று கேட்டார். நாம் போட்ட படிதானே அது! நீயும் அத்தானும் சேர்ந்து ஆணி அடித்தீர்களே. மழை ஈரம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டோம். வேறு என்ன நினைப்பது?

சமையலறையில் அடுப்பை மேற்குச் சுவருக்கு மாற்றினேன். புகை இப்போது கண்ணில் அடிப்பதில்லை. சிட்டு நாள் முழுக்க அந்த விசில் சிரிப்புதான். காலையில் பின்னல் போட உட்கார வைத்தால் கழுத்தில் சீப்பு பட்டதுமே ஆரம்பித்துவிடுவாள். முடி கருகருவென்று இடுப்புக்கு வந்துவிட்டது. அவளே எழுதியதைக் கீழே பார். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

"மாமா நான் சிட்டு. நான் மாடியில இருக்கேன். நீ எப்ப வருவ. வந்தா என் விழுந்த பல்லைக் காட்டுறேன்."

பத்திரமாக இரு.

அக்கா

*

மழை மாதத்துக் கடைசி

அக்கா,

இதை யாருக்கும் படித்துக் காட்டாதே. சுகமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றைக்கே, அதே சுவரோரம், அதையும் சத்தமாகப் படித்துவிட்டேன். சிட்டு எழுதியதையும். அவள் குரலிலேயே படித்தேன் அக்கா.

மறுநாள் அங்கே ஒரு வீடு நின்றது. மேற்குச் சுவரில் அடுப்பு. பின் கதவை இழுத்தேன், வரவில்லை. இடது மூலையில் உதைத்தேன், திறந்தது. மாடியில் நீலக் கண்ணாடி ஜன்னல். பரண் பக்கம் என் பாய், நீ கட்டுகிற அதே முடிச்சோடு. நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து விசில் சிரிப்பு கேட்டது. ஒட்டகச்சிவிங்கி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். மதிலைத் தாண்டும்வரை நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

மேஸ்திரி அம்மாள் தூரத்திலிருந்தே அந்தக் கூரையைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. "எவன்டா படிச்சது?" என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள். "இந்த ஊரு காதால கேக்கிறதைக் கட்டும். சும்மா கட்டாது. ஒவ்வொண்ணுக்கும் தன்னோட பாழை எடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பிரும்." முன்பே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா நம்பியிருப்பியா? இப்ப நம்புற" என்றாள்.

ஒரு வரிக் கடிதங்களுக்கு அர்த்தம் இதுதான் அக்கா. அவர்கள் வீட்டுப் பெண்கள் கஞ்சர்கள் இல்லை.

சிட்டு எப்படி இருக்கிறாள்? மதிலுக்கு வெளியே, வாயைப் பொத்திக்கொண்டு படிக்கிறேன். எழுது. உடனே எழுது.

வாலு

*

பனி மாதம், முதல் வாரம்

தம்பி,

வாயைத் திறக்காமல் படி. பக்கத்தில் யாராவது இருந்தால் தள்ளிப் போ.

சுகமில்லை. இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மேற்குச் சுவர் விரிசல் விட்டு, உள்ளிருந்து மணல் கொட்டுகிறது. நம் ஊரில் ஏதுடா வெள்ளை மணல்? பின் கதவு துருவும் தூளுமாகிவிட்டது. நீலக் கண்ணாடி ஒரு காலையில் பொடியாகக் கிடந்தது. அதைக் கூட்டும்போது தூசி விழுந்ததோ என்னவோ, அன்றிலிருந்து கண் கரித்துக்கொண்டே இருக்கிறது. அதை விடு.

சிட்டு சிரிப்பதில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. தொண்டை கட்டிவிட்டது என்று கஷாயம் கொடுத்தேன். பேசினால் சருகை மிதித்த மாதிரி சத்தம் வருகிறது. நேற்று பின்னல் போட உட்கார வைத்தேன். முன்முடி வெள்ளையாக இருந்தது. மாவு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன், துடைத்தேன், போகவில்லை. கையைத் தொட்டால் கிழவி கை மாதிரி சுருங்கியிருக்கிறது. வைத்தியர் வந்தார், பார்த்தார், கூலி வாங்காமல் போய்விட்டார். அவர் வாங்காமல் போனதுதான் எனக்குப் பயம்.

"மாமா வீட்டுக்குப் போயிட்டேனாம்மா?" என்று என்னைக் கேட்கிறாள். மாமாவுக்கு எது வீடு என்று கேட்டேன். "இதே மாதிரி, ஆனா புதுசு" என்கிறாள்.

இடிடா. இடிக்கிற வேலைக்குத்தானே போனாய்? ஒரு கல் மிச்சமில்லாமல் இடி. என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடு. உன்னைத் திட்டவில்லை. எழுதியது நான்தான். வாயை மூடத் தெரியாதவள் நான்தான்.

அக்கா

*

பனி மாதம், இரண்டாம் வாரம்

அக்காவுக்கு,

சிட்டுவைக் கதகதப்பாக வைத்திரு. தண்ணீர் கொடுத்துக்கொண்டே இரு.

இடித்தோம். எல்லோரும் வந்தார்கள், மேஸ்திரி அம்மாளும் சம்மட்டி எடுத்தாள். சாயங்காலம் தரைமட்டமாக்கிவிட்டு வந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் அப்படியே நிற்கிறது. கேட்டது கேட்டதுதான், சம்மட்டிக்குப் போகாதாம், மேஸ்திரி அம்மாள் சொல்கிறாள்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. முன்பு ஒருவன் வீட்டுக்கும் இப்படி ஆயிற்றாம். அவன் மனைவி, அது எதுவுமே எங்கள் வீட்டில் இல்லை, இருந்ததே இல்லை என்று தன் கையால் எழுதி அனுப்பினாள். அவன் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படித்தான். வீடு கலைந்துவிட்டது, அவன் குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரி எழுத்துக்குத்தான் அது கட்டுப்படுமாம்.

அதனால் நீ எழுது. படி இல்லை, கதவு இல்லை, அடுப்பு இல்லை, ஜன்னல் இல்லை, சிட்டு இல்லை என்று எழுது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுது. என் பாயைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம். பழைய கந்தல் பாய்தானே, கிடந்துவிட்டுப் போகட்டும்.

ஆபத்து ஒன்றுமில்லை. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

வாலு

*

பனி மாதம், மூன்றாம் வாரம்

தம்பிக்கு,

உறையில் இரண்டு தாள் இருக்கிறது. இதை வெளியே மனதுக்குள் படி. மடித்து நூல் போட்டுத் தைத்திருக்கிறேனே, அதை உள்ளே போய் வாய்விட்டுப் படி. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சிட்டு இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. மூச்சு இருக்கிறது.

தையற்காரியிடம் துணியைத் திருடுகிறாயா? ஒரு சாண் குறைந்தால் எனக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் இல்லை என்று எழுதச் சொல்கிறாய், பாயை மட்டும் விடச் சொல்கிறாய். அந்த ஆள் குழந்தைகள் பிழைத்தார்கள் என்று எழுதினாய். அந்த ஆள் என்ன ஆனான் என்று ஒரு வார்த்தை இல்லை. அது எல்லாவற்றையும் திருப்பித் தராது, எதைச் சொல்லாமல் விடுகிறோமோ அதை வைத்துக்கொள்ளும். அப்படித்தானே? உன் பாயை விட்டால், அதில் படுக்கிற உன்னை வைத்துக்கொள்ளும். நீ தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து உன் பொய்யைப் பார்த்தவள் நான். என்னிடமேவா?

பாயையும் எழுதிவிட்டேன், உன்னையும் எழுதிவிட்டேன். அதற்குக் கொடுக்க என்னிடம் வேறு ஒன்று இருக்கிறது. பெரிய பொருள் இல்லை. எது என்று தேடிக்கொண்டு நிற்காமல் படித்து முடித்ததும் ஓடி வா. இது அக்கா ஆணை.

அக்கா

(தைத்திருந்த தாள்)

எங்கள் வீட்டில் மாடிப்படி இல்லை. எந்தப் படியும் கத்தியதில்லை. பின்பக்கம் கதவு இல்லை, யாரும் உதைத்ததில்லை. மேற்குச் சுவர் இல்லை, அங்கே அடுப்பு எரிந்ததில்லை. எனக்கு மகள் இல்லை. பல் விழுந்த பிள்ளை எதுவும் இங்கே சிரித்ததில்லை. கருகருவென்று முடி வளர்ந்ததில்லை, நான் பின்னியதில்லை. பரண் பக்கம் பாய் இல்லை. எனக்குத் தம்பி இல்லை. அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை. நான் யாரையும் தூக்கி வளர்க்கவில்லை. யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

*

பனி மாதத்துக் கடைசி, வழியில் ஒரு சத்திரத்திலிருந்து

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். மதில் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு வந்துவிட்டேன். சிட்டு கண் திறந்தாளா?

படித்தேன். பாயில் உட்கார்ந்துதான் படித்தேன். படி என்றதும் படி போயிற்று. கதவு போயிற்று, அடுப்பு போயிற்று. "எனக்கு மகள் இல்லை" என்ற இடத்தில் மாடியில் அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. தாளை இறக்கிவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மதிலோரம் நின்று ஒட்டகச்சிவிங்கி "படிடா, நிறுத்தாத படி" என்று கத்தினான். "எனக்குத் தம்பி இல்லை" என்பதை அழுதுகொண்டேதான் படித்தேன். அடியில் பாய் இல்லை, மணல்தான் இருந்தது. எழுந்து ஓடினேன்.

ஓடும்போது திரும்பிப் பார்த்துவிட்டேன். வீடு இல்லை. சுவர் இல்லை. நீலக் கண்ணாடி ஜன்னல் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. கீழே மணலில் நீல வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கிறது.

அதை எழுத மறந்துவிட்டாயா அக்கா? நீ எதையும் மறப்பவள் இல்லையே. அந்த ஜன்னலைப் பற்றி அன்றைக்கு வேறு என்ன எழுதியிருந்தாய் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கடிதங்களை எல்லாம் எரித்துவிட்டேன். ஏதோ அத்தான் சொன்னதாக எழுதியிருந்தாய், அது நினைவுக்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஜன்னலும் இல்லை என்று ஒரு வரி எழுது. வண்டியைத் திருப்பிப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன். பதில் வரும்வரை இந்தச் சத்திரத்தில்தான் இருப்பேன்.

வாலு

*

இளவெயில் மாதம், முதல் வாரம்

மாமாவுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமா?

அம்மா இவ்வளவுதான் எழுதச் சொன்னாள். திரும்பிப் போகக் கூடாது, நேராக வீட்டுக்கு வர வேண்டும் என்றும் சொன்னாள். மீதி நானே எழுதுகிறேன், அவளுக்குத் தெரியாது. எனக்குப் புதுப் பல் முளைத்திருக்கிறது. முடி மறுபடி கறுப்பாகிவிட்டது. அம்மா நன்றாகத் தைக்கிறாள், கையால் தடவிப் பார்த்தே தைக்கிறாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது இப்போது நான்தான்.

சிட்டு